நான்சி ஹாங்க்ஸ் யார் மகள்? லிங்கனின் தாய்வழி வம்சாவளி பற்றிய நூற்றைம்பது ஆண்டு வழக்கு

அமெரிக்காவின் பதினாறாவது குடியரசுத் தலைவரான ஆபிரகாம் லிங்கனின் தந்தைவழியை, 1637இல் இங்கிலாந்திலிருந்து மாசசூசெட்ஸில் வந்திறங்கிய சாமுவேல் லிங்கன் வரைக்கும் ஆவணங்களின் துணையோடு பின்தொடர்ந்து செல்ல முடிகிறது. தாய்வழியோ அவருடைய தாய் நான்சி ஹாங்க்ஸோடு ஏறத்தாழ நின்றுவிடுகிறது. வர்ஜீனியாவில் 1784ஆம் ஆண்டை ஒட்டிப் பிறந்து, கைக்குழந்தையாக மலைகளைக் கடந்து கென்டக்கிக்குக் கொண்டுவரப்பட்டு, 1818இல் இந்தியானாவின் காட்டுக் குடியிருப்பு ஒன்றில் இறந்துபோன இப்பெண்ணுக்குப் பிறப்புப் பதிவு கிடையாது. அவரைப் பெற்றவர்கள் இன்னாரென்று நேரடியாகச் சொல்லும் சமகால ஆவணம் ஒன்றுகூட இல்லை. இந்த வெற்றிடத்தை நிரப்ப 1860களிலிருந்து இன்றுவரை எழுதப்பட்டவை ஒரு தனி நூலகமாகும் அளவுக்குப் பெருகியுள்ளன. அவற்றை வரிசையாகப் படிப்பவருக்கு, சான்றுகள் குறைவாக இருந்ததைக் காட்டிலும், இருந்த சான்றுகளை எழுதியவர்களின் மானப் பிரச்சினை மறைத்ததே குழப்பத்துக்குப் பெரிய காரணம் என்பது தெளிவாகும்.

லிங்கன் தாமே இதைப்பற்றி எழுத்தில் தந்தவை மிகச் சில. 1859இல் ஜெஸ்ஸி ஃபெல் என்ற நண்பருக்கு எழுதித்தந்த தன்வரலாற்றுக் குறிப்பில், தம் பெற்றோர் இருவரும் வர்ஜீனியாவில் பெயர்பெறாத குடும்பங்களில் பிறந்தவர்கள் என்றும், தாய் ஹாங்க்ஸ் என்ற குடும்பத்தைச் சேர்ந்தவர் என்றும் மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டார். தந்தைவழிப் பாட்டனாரைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அவர் செவ்விந்தியரால் கொல்லப்பட்டதைக்கூடத் தெரிவித்த அதே குறிப்பில் தாயைப் பெற்றவர்களின் பெயரே இல்லை. எழுத்தில் சொல்லாததை அவர் வாய்மொழியாகச் சொன்னதாக ஒரே ஒரு சாட்சி உண்டு. ஸ்பிரிங்ஃபீல்டில் அவரோடு சேர்ந்து வழக்கறிஞர் தொழில் நடத்திய வில்லியம் ஹெர்ண்டன், 1850ஆம் ஆண்டை ஒட்டி இருவரும் ஒரே குதிரை வண்டியில் வெளியூர் நீதிமன்றத்துக்குப் போகும் வழியில், தம் தாய் லூசி ஹாங்க்ஸ் என்பவருக்கும் வர்ஜீனியாவின் மேட்டுக்குடித் தோட்ட உரிமையாளர் ஒருவருக்கும் மணமின்றிப் பிறந்தவர் என்று லிங்கன் சொன்னதாகவும், தம் அறிவாற்றல் அந்த முகமறியாப் பாட்டனாரிடமிருந்து வந்ததாகவே அவர் நம்பியதாகவும் எழுதினார். இது ஹெர்ண்டனின் நூலாக வெளிவந்தது 1889இல். அதாவது, பேச்சு நடந்து ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் கழித்து, சொன்னவர் இறந்து இருபத்துநான்கு ஆண்டுகள் கழித்து, கேட்டவர் ஒருவரின் நினைவை மட்டும் நம்பி அச்சேறிய செய்தி அது. எந்த நீதிமன்றத்திலும் இது செவிவழிச் சாட்சியம் என்று ஒதுக்கப்பட்டுவிடும். ஆயினும் தனக்குப் பெருமை சேர்க்காத ஒன்றைத் தன் தாயைப்பற்றி ஒருவர் சொல்லியிருக்கும்போது அதை எளிதில் தள்ளிவிடவும் முடியாது.

இவ்வழக்கில் இரு வேறு கேள்விகள் நெடுங்காலம் ஒன்றோடொன்று கலந்தே கிடந்தன. நான்சியின் பெற்றோர் மணமானவர்களா என்பது ஒன்று; நான்சியும் தாமஸ் லிங்கனும் மணமானவர்களா என்பது மற்றொன்று. இரண்டாவது கேள்விக்கு இன்று இடமே இல்லை என்றாலும், அது தோன்றிய விதமும் தீர்ந்த விதமும் எல்லைப்புற ஆவணங்களின் இயல்பைப் புரிந்துகொள்ளப் பெரிதும் உதவும். லிங்கனின் நண்பர் வார்டு ஹில் லேமன் பெயரில் 1872இல் வெளியான வாழ்க்கை வரலாறு, பெற்றோரின் மணத்துக்குப் பதிவு எதுவும் கிடைக்கவில்லை என்று எழுதி ஐயத்தை ஊருக்குள் விட்டது. 1806இல் மணம் நடந்ததாக லிங்கனே 1860இல் எழுதித் தந்திருந்தும், தேடியவர்கள் ஹார்டின் கவுண்டியில் மட்டுமே தேடினார்கள்; ஏனெனில் தம்பதியர் குடியிருந்ததும் லிங்கன் பிறந்ததும் அந்தக் கவுண்டியில்தான். கவுண்டி என்பது நம் மாவட்டத்தைவிடச் சிறிய நிர்வாகப் பிரிவு. நிலப்பத்திரம், உயில், மணப்பதிவு எல்லாம் அதன் நீதிமன்றக் கட்டடத்திலேயே தங்கிவிடும். கென்டக்கி 1792இல் தனி மாநிலமானபோது, மக்கள் பெருகப் பெருகக் கவுண்டிகளும் பிரிந்துகொண்டே போயின. ஹார்டின், வாஷிங்டன் ஆகிய இரண்டும் அதே ஆண்டு நெல்சன் கவுண்டியை உடைத்து உருவாக்கப்பட்டவை. மணமோ, நம் ஊர் வழக்கம் போலவே, பெண் வீட்டில் நடந்தது; பெண் தங்கியிருந்த பெர்ரி குடும்பத்தின் வீடு வாஷிங்டன் கவுண்டியில் இருந்தது.

அந்தக் கவுண்டியின் தலைநகரான ஸ்பிரிங்ஃபீல்டின் நீதிமன்றக் கட்டடத்தில், 1878இல் பிணைப்பத்திரம் வெளிப்பட்டது. இல்லினாயிஸில் உள்ள ஸ்பிரிங்ஃபீல்டும் இதுவும் வேறு வேறு. ஊர்ப்பெயர்கள்கூட இக்கதையில் இரட்டையாகவே வருகின்றன. மணப் பிணைப்பத்திரம் என்பது, மணத்துக்குச் சட்டத்தடை ஏதுமில்லை என்று மணமகனும் ஒரு பிணையாளரும் ஆளுநர் பெயருக்கு எழுதிக்கொடுக்கும் உறுதி; தடை இருந்ததாகப் பின்னால் தெரிந்தால் ஐம்பது பவுண்டு கட்ட வேண்டும். 1806 ஜூன் 10ஆம் தேதியிட்ட அந்தத் தாளில் தாமஸ் லிங்கனும் ரிச்சர்டு பெர்ரியும் கையொப்பமிட்டுள்ளனர். பெர்ரியின் பெயரை அடுத்துக் காப்பாளர் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் தவறான எழுத்துக்கூட்டலில் எழுதப்பட்டிருக்கிறது. ஜெஸ்ஸி ஹெட் என்ற மெதடிஸ்ட் திருச்சபைப் போதகர் தாம் நடத்திவைத்த மணங்களைப் பட்டியலிட்டுத் தந்த அறிக்கையும் உடன் கிடைத்தது; அதில் இவர்களின் மணநாள் ஜூன் 12. மூத்த மகள் சாரா பிறந்தது 1807 பிப்ரவரி 10. இதன்பின் லிங்கனின் பெற்றோருடைய மணத்தைப்பற்றி ஐயம் எழுப்புவதற்கு எந்த அடிப்படையும் இல்லாமல் போயிற்று. ஆனால் வதந்தி ஆவணத்தைக் கேட்டு நின்றுவிடவில்லை. வட கரோலினாவின் ஆபிரகாம் என்லோ முதல் தென் கரோலினாவின் புகழ்பெற்ற அரசியல்வாதி ஜான் கால்ஹூன் வரை, லிங்கனுக்குத் தந்தை என்று ஊருக்கொருவர் முன்னிறுத்தப்பட்டார்கள். வில்லியம் பார்ட்டன் என்ற போதகர் 1920இல் வெளியிட்ட நூலில், இப்படிப் பெயர் சொல்லப்பட்ட ஒவ்வொருவரையும் எடுத்து, காலமும் இடமும் பொருந்தாமையைக் காட்டி, அப்பட்டியலை முழுதாகத் துடைத்தெறிந்தார்.

முதல் கேள்விக்குத் திரும்பினால், மூன்று ஆவணங்களைச் சுற்றியே வாதம் அனைத்தும் நடந்திருப்பதைக் காணலாம்.

அவற்றுள் முதலாவது, நெல்சன் கவுண்டியில் ரோலிங் ஃபோர்க் ஆற்றங்கரையில் குடியேறிய ஜோசப் ஹாங்க்ஸ் 1793 ஜனவரி 8இல் எழுதிவைத்த உயில். ஜோசப் வர்ஜீனியாவின் ரிச்மண்டு கவுண்டியில் பிறந்தவர். பின்னர் இன்றைய மேற்கு வர்ஜீனியாவில் அடங்கும் ஹாம்ப்ஷயர் கவுண்டிக்குப் பெயர்ந்து, 1784இல் அங்கிருந்த 108 ஏக்கர் நிலத்தை அடமானம் வைத்துவிட்டுக் கென்டக்கிக்குச் சென்றவர். உயிலில் மகன்கள் ஐவருக்கும் ஆளுக்கொரு குதிரையும், மகள்கள் மூவருக்கும் ஆளுக்கொரு கிடேரியும் எழுதப்பட்டுள்ளன. நான்சி என்ற மகளுக்கு விடப்பட்ட கிடேரியின் பெயர் பைடி என்பதுகூட அதில் உண்டு. ஹாங்க்ஸ் குடும்பத்தில் பிறந்து அக்குடும்ப வரலாற்றைத் தொகுத்த கரோலின் ஹாங்க்ஸ் ஹிட்ச்காக் 1899இல் வெளியிட்ட நூலில், இந்த நான்சிதான் லிங்கனின் தாய் என்று அறிவித்தார். முறையான தந்தை, முறையான தாய், உயிலில் பெயர், பங்காக ஒரு கிடேரி என்று எல்லாம் பொருந்திவரவே, லிங்கன் வரலாற்றாசிரியர்களில் அன்று மிகுந்த செல்வாக்குப் பெற்றிருந்த ஐடா டார்பெல் அம்முடிவை ஏற்றுக்கொண்டார். வாசகர்களும் நிம்மதியடைந்தார்கள்.

அந்த நிம்மதியைக் கெடுத்தது உயிலில் இல்லாத ஒரு பெயர். லூசி என்ற மகள் அதில் குறிப்பிடப்படவே இல்லை. ஹெர்ண்டனோ லூசியைத்தான் தாயென்று சொல்லியிருந்தார். பார்ட்டன் தம் 1929ஆம் ஆண்டு நூலில் எடுத்துக்காட்டியபடி, லூசி ஜோசப்பின் மூத்த மகள்; உயிலில் வரும் நான்சி அவருடைய தங்கை; லிங்கனின் தாய்க்கு அந்த நான்சி சித்தி முறையாக வேண்டும். சித்திக்கும் அக்காள் மகளுக்கும் ஒரே பெயர் இருந்ததே ஹிட்ச்காக் வழுக்கி விழுந்த இடம். உயிலில் பெயர் விடுபட்டதைத் தந்தையின் கோபத்துக்குச் சான்றாகப் பார்ட்டன் கொண்டார். அது சற்று மிகையான முடிவு; மணமாகிச் சென்ற மகளுக்குச் சேரவேண்டியதை முன்னரே கொடுத்துவிட்டு உயிலில் விட்டுவிடுவதும் அக்காலத்தில் உண்டு, உயில் எழுதப்பட்டபோது லூசி ஏற்கெனவே மணமானவர்.

இரண்டாவது ஆவணம் மெர்சர் கவுண்டியின் கிராண்ட் ஜூரிக் குறிப்பு. கிராண்ட் ஜூரி என்பது, குற்றச்சாட்டு வழக்காகத் தொடர்வதற்குத் தக்கதா என்று ஊர்க் குடிமக்கள் குழுவாக அமர்ந்து முடிவு செய்யும் ஏற்பாடு. 1789 நவம்பர் 24 அன்று அக்குழு லூசி ஹாங்க்ஸ் மீது முறைதவறிய உறவுக் குற்றத்தைச் சுமத்தியது. ஆனால் ஐந்து ஆண்டுகளுக்கு முன் வேறொரு கவுண்டியில் பிறந்த குழந்தைக்கு இந்தக் குற்றச்சாட்டு நேரடித் தொடர்புடையதாக இருக்க முடியாது. அது லூசி அப்போது ஹாங்க்ஸ் என்ற பெயரில், கணவனின்றி, மெர்சர் கவுண்டியில் வாழ்ந்தார் என்பதைத்தான் உறுதிசெய்கிறது. அதற்குமேல் அதைக்கொண்டு அவருடைய நடத்தையைப்பற்றித் தீர்ப்பெழுதிய ஆசிரியர்கள் சான்றுக்கு மேலே சென்றவர்கள்.

மூன்றாவது, அடுத்த ஆண்டு ஏப்ரல் 26இல் ஹென்றி ஸ்பாரோ என்பவர் லூசியை மணப்பதற்காக எழுதிக்கொடுத்த பிணைப்பத்திரமும், அதனோடு சேர்ந்த ஒரு சிறு சீட்டும். பெண் இருபத்தொரு வயது நிரம்பாதவராக இருந்தால் தந்தையோ காப்பாளரோ சம்மதம் தர வேண்டும் என்பது சட்டம். லூசியோ தனக்கு வயது நிரம்பிவிட்டது என்றும், ஹென்றி இன்றோ வேறு என்றைக்கோ உரிமம் பெற்றுக்கொள்ளத் தனக்கு முழுச் சம்மதம் என்றும் தன் கைப்பட எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்திருக்கிறார். எழுத்துக்கூட்டல் தாறுமாறாக இருந்தாலும், அக்காலத்து எல்லைப்புறத்தில் கையெழுத்துக்குப் பதில் கீறலிட்ட பெண்கள் எத்தனையோ பேர் இருக்க, லூசி எழுதத் தெரிந்தவர். சீட்டின் சாட்சிகள் ராபர்ட் மிட்செல், ஜான் பெர்ரி. மணம் 1791 ஏப்ரலில்தான் நடந்தேறியது. அதன்பின் எட்டுக் குழந்தைகளைப் பெற்று, அக்கம்பக்கத்தில் மதிப்போடு வாழ்ந்த குடும்பப் பெண்ணாகவே லூசி நினைவுகூரப்பட்டார்.

சாட்சிகளாக வந்த மிட்செல், பெர்ரி ஆகிய இரு குடும்பப் பெயர்களையும் பிடித்துக்கொண்டுதான் லூயிஸ் வாரன் 1926இல் வெளியிட்ட நூலில் மற்றொரு கோட்டையைக் கட்டினார். நான்சி மணமானது பெர்ரி வீட்டில். அவருக்குக் காப்பாளராகக் கையொப்பமிட்டதும் ஒரு பெர்ரி. பெர்ரி, மிட்செல் குடும்பங்களின் மனைவியர் ஷிப்லி என்ற வீட்டில் பிறந்த சகோதரிகள் என்பது மரபு. எனவே லூசியும் ஷிப்லி வீட்டுப் பெண்ணே. அவர் ஜேம்ஸ் ஹாங்க்ஸ் என்பவரை மணந்து நான்சியைப் பெற்று விதவையானவர். 1790இல் தன் சம்மதத்தைத் தானே எழுதிக்கொடுத்ததும் விதவை என்பதாலேயே என்பது வாரனின் வாதம். இதில் ஹெர்ண்டனின் செய்தியில் பாதி காப்பாற்றப்படுகிறது, லூசி தாயாகவே இருக்கிறார். ஆனால் மணமின்றிப் பிறந்தவர் என்ற பாதி மறைந்துபோகிறது. வாரன் கென்டக்கியின் கவுண்டி ஆவணங்களை அவருக்கு முன் எவரும் புரட்டாத அளவுக்குப் புரட்டியவர். தாமஸ் லிங்கனைச் சோம்பேறி என்று எழுதிவந்த வழக்கத்தை வரிப்பட்டியல்களையும் நிலப்பத்திரங்களையும் கொண்டு மாற்றியமைத்தவர். அத்தகையவர் இந்த ஓரிடத்தில் மட்டும், வயது நிரம்பியதாகச் சொல்லும் சீட்டிலிருந்து விதவைக் கோலத்தை வருவித்ததைக் கல்விக் குறைவால் என்று சொல்ல முடியாது. வயது நிரம்பிய எந்தப் பெண்ணும் தன் சம்மதத்தைத் தானே தரலாம். விதவை என்று அச்சீட்டு எங்கும் சொல்லவில்லை. ஜேம்ஸ் ஹாங்க்ஸ் என்ற கணவருக்கு ஆவணமும் இல்லை. 1963இல் ஏடின் பேபர் என்பவர் நான்சியை ஆபிரகாம் ஹாங்க்ஸ், சாரா ஹார்ப்பர் தம்பதியின் மகளாக்கியபோது, முறையான பெற்றோர் இருவர் எப்படியும் வேண்டும் என்ற அதே தேவை வேறு பெயர்களைத் தேடிக்கொண்டது.

இந்தக் குடும்பத்தின் மண உறவுகளைத் தாளில் வரைந்து பார்த்தாலன்றி, சாட்சி சொன்னவர்கள் ஏன் முரண்பட்டார்கள் என்பது விளங்காது. லூசி ஹென்றி ஸ்பாரோவை மணந்தார். லூசியின் தங்கை எலிசபெத் ஹென்றியின் சகோதரர் தாமஸ் ஸ்பாரோவை மணந்தார். குழந்தையில்லாத எலிசபெத்தும் தாமஸும் நான்சியை வளர்த்ததால், ஊரில் சிலர் அவரை நான்சி ஸ்பாரோ என்றே அழைத்தனர். மற்றொரு தங்கையான, கிடேரி பெற்ற நான்சிக்கு 1799இல் மணத்துக்கு வெளியே டென்னிஸ் பிறந்தார். தந்தை சார்லஸ் ஃப்ரெண்டு என்றாலும், சட்டப்படி தாயின் குடும்பப் பெயரே மகனுக்கு வந்தது. அந்தச் சித்தி பின்னர் லீவை ஹால் என்பவரை மணந்தார். டென்னிஸையும் எலிசபெத் தம்பதியரே வளர்த்தனர். 1818இல் இந்தியானாவில் பால்நோய் பரவியது. காட்டில் விளையும் ஒரு நச்சுச் செடியை மேய்ந்த மாடுகளின் பாலைக் குடித்தவர்களுக்கு வந்த கொடிய நோய் அது. அதில் எலிசபெத்தும் தாமஸ் ஸ்பாரோவும் இறந்தார்கள். அக்டோபர் 5 அன்று நான்சியும் இறந்தார். மறுஆண்டு டிசம்பர் 2இல் தாமஸ் லிங்கன் கென்டக்கிக்குப் போய், டேனியல் ஜான்ஸ்டன் என்பவரின் விதவையும் மூன்று பிள்ளைகளின் தாயுமான சாரா புஷ்ஷை மணந்து அழைத்துவந்தார். அவருடைய மூத்த மகள் எலிசபெத்தை டென்னிஸ் மணந்துகொண்டார். இளைய மகள் மட்டில்டாவை, அந்தச் சித்தி நான்சிக்கு லீவை ஹால் வழியில் பிறந்த ஸ்கொயர் ஹால் மணந்தார். டென்னிஸ் நான்சி லிங்கனுக்குச் சித்தி மகன், ஆகவே தம்பி முறை. லிங்கனுக்கு மாமன் முறை. மாற்றாந்தாய் மகளை மணந்ததால் மச்சானும் ஆகிறார். மாமன் மச்சானாவது தமிழர்களுக்குப் புதிதல்ல என்றாலும், ஆங்கிலத்தில் இவர்கள் அனைவரையும் ஒரே சில சொற்களில் அடக்கிய கடிதங்களைப் படித்த ஆய்வாளர்கள் தலைமுறை மாறித் தடுமாறியதில் வியப்பில்லை.

இவற்றையெல்லாம் அருகிலிருந்து அறிந்தவரில் நெடுங்காலம் உயிரோடிருந்தவர் டென்னிஸ்தான். அவரே ஹெர்ண்டனிடம், லிங்கனின் தாயை ஹாங்க்ஸ் என்று எழுதக்கூடாது, அவர் பிறந்தது ஸ்பாரோ குடும்பத்தில் என்று வலியுறுத்தினார். தம் பிறப்பும் மணத்துக்கு வெளியே அமைந்த ஒருவர், தம் அக்காள் முறையானவரின் பிறப்பையாவது ஒழுங்குக்குள் கொண்டுவர முயன்றதை யாரும் குறைசொல்ல முடியாது. ஆனால் சாட்சியாக அவருடைய சொல்லை எடுத்துக்கொள்ளும்போது அந்த அக்கறையைக் கழித்தே கொள்ள வேண்டும். அவர் மறுத்த விதமே லூசி தாய் என்பதற்கு ஓரளவு துணைபோகிறது. ஏனெனில் ஸ்பாரோ என்ற பெயரை நான்சிக்குத் தருவதென்றால் லூசியை ஹென்றியின் மனைவியாகவோ, எலிசபெத்தைத் தாயாகவோ கொண்டாக வேண்டும். ஹென்றி லூசியை மணந்ததோ நான்சி பிறந்து ஏழு ஆண்டுகள் கழித்து.

1988இல் பால் வெர்டுயின் என்ற ஆய்வாளர் வழக்கின் இடத்தையே மாற்றினார். நான்சி மேற்கு வர்ஜீனிய மலைப்பகுதியில் பிறந்தவர் என்பதே அதுவரை பொதுக்கருத்து; அங்கே நினைவிடமும் அமைந்திருந்தது. ஹாங்க்ஸ் குடும்பம் எப்போது ரிச்மண்டு கவுண்டியைவிட்டு நீங்கியது என்பதை மீண்டும் ஆராய்ந்த வெர்டுயின், நான்சி அந்தக் கவுண்டியிலேயே பிறந்திருக்கக்கூடும் என்றார். ரிச்மண்டு கவுண்டி புகையிலைத் தோட்டப் பெருங்குடிகள் நெருங்கி வாழ்ந்த கடலோரப் பகுதி. மலையடிவாரத்துக் குடியேறிகள் நடுவே தோட்ட உரிமையாளர் ஒருவரைத் தேடுவதைவிட அங்கே தேடுவதில் பொருளுண்டு. ஹெர்ண்டன் கேட்டதாகச் சொன்ன செய்தி இதனால் மெய்ப்பிக்கப்படவில்லை, ஆனால் நடக்கக்கூடியதாயிற்று.

கடைசியாக வந்தது உயிரியல் சான்று. மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. என்பது உயிரணுவின் கருவுக்கு வெளியே இருக்கும் மரபுப்பொருள். தாயிடமிருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் போகும், ஆனால் மகள்கள் வழியாக மட்டுமே அடுத்த தலைமுறைக்குத் தொடரும். எனவே பெண்வழியாக இன்றுவரை அறுபடாமல் வந்தவர்களைச் சோதித்தால், பல தலைமுறைக்கு முந்தைய தாய் ஒருத்தியா இருவரா என்று சொல்லிவிடலாம். 2015இல் வெளியான ஆய்வு, லூசிக்கு ஸ்பாரோ வழியில் பிறந்த மகள்களின் பெண்வழியினரையும் ஹாங்க்ஸ் வீட்டுப் பெண்வழியினரையும் ஒப்பிட்டு, இருவரும் எக்ஸ் ஒன்று சி என்ற மிக அரிய மரபுக்குழுவைச் சேர்ந்தவர்கள் என்று கண்டது. ஷிப்லி சகோதரிகளின் வழியினர் அக்குழுவில் இல்லை. லூசி ஷிப்லி வீட்டுப் பெண் என்ற கொள்கை, அதன்மேல் எழுந்த ஜேம்ஸ் ஹாங்க்ஸின் விதவை என்ற கதையோடு சேர்ந்து, இதோடு முடிந்தது. லூசி ஜோசப் ஹாங்க்ஸின் மனைவி ஆன் பெற்ற மகள். ஹாங்க்ஸ் என்பது அவர் பிறந்த வீட்டுப் பெயர். அந்தப் பெயரே நான்சிக்கும் வந்ததென்றால் அது தாய்வழியில் வந்த பெயர் என்பதே பொருத்தமான விளக்கம்.

இந்த ஆய்வு வெளியானபோது, லிங்கனின் தாய் யார் மகள் என்ற கேள்விக்கே விடை கிடைத்துவிட்டதாகச் செய்திகள் வந்தன. அது முழுச் சரியல்ல. நான்சிக்கு ஒரே மகள் சாரா. அவர் 1828இல் முதற்பேற்றில் குழந்தையோடு இறந்துபோனார். நான்சியின் பெண்வழி அங்கேயே அறுந்துவிட்டதால், சோதிக்கத்தக்க வழித்தோன்றல் இல்லை. ஆகவே மரபணு நிறுவியது லூசிக்கும் ஆனுக்கும் இடைப்பட்ட கண்ணியை. நான்சிக்கும் லூசிக்கும் இடைப்பட்ட கண்ணி இன்னும் ஹெர்ண்டனின் நினைவு, வளர்த்தவர்கள் யார் என்ற செய்தி, மாற்றுப் பெற்றோராகக் காட்டப்பட்டவர்களுக்கு ஆவணமில்லாமை ஆகியவற்றின் கூட்டுப் பலத்தில்தான் நிற்கிறது. அந்தக் கூட்டுப் பலம் கணிசமானது. மரபுவழி ஆய்வாளர்கள் மறைமுகச் சான்றுகளைக் கொண்டு ஒரு முடிவை ஏற்பதற்கு வைத்திருக்கும் அளவுகோலை அது நிறைவுசெய்கிறது என்றே கொள்ள வேண்டும்.

மீதமிருப்பது பெயர் தெரியாத அந்தப் பாட்டனார். அவரைத் தேடுவதற்கு மைட்டோகாண்ட்ரியா உதவாது. உடலின் பிற டி.என்.ஏ. வழியாகத்தான் தேட முடியும். நான்சி, தாமஸ் தம்பதியின் வழியில் ஐயமற்ற கடைசித் தோன்றலான ராபர்ட் டாட் லிங்கன் பெக்வித் 1985இல் பிள்ளையின்றி இறந்ததோடு உயிருள்ள ஒப்பீட்டுக்கு வழி அடைபட்டது. 1865இல் லிங்கனின் மண்டையோட்டிலிருந்து எடுக்கப்பட்ட எலும்புத் துண்டுகளும் சில மயிரிழைகளும் மேரிலாந்தில் உள்ள தேசிய உடல்நல, மருத்துவ அருங்காட்சியகத்தில் காக்கப்படுகின்றன. லிங்கனுக்கு மார்ஃபான் என்ற மரபுநோய் இருந்ததா என்று அறிய அவற்றைச் சோதிக்கலாமா என்பதை 1991இல் ஒரு வல்லுநர் குழு ஆராய்ந்து, கொள்கையளவில் ஒப்புக்கொண்ட பின்னும் சோதனை தள்ளிவைக்கப்பட்டது. தாயின் மைட்டோகாண்ட்ரியா மகனுக்கும் வந்திருக்கும் என்பதால், அந்தத் துண்டுகள் எக்ஸ் ஒன்று சி குழுவைச் சேர்ந்தவையா என்ற ஒற்றைச் சோதனையே நான்சியை லூசியோடு, குறைந்தபட்சம் லூசி பிறந்த வீட்டுப் பெண்வழியோடு, நேரடியாக இணைக்கவோ பிரிக்கவோ போதுமானது.